மேலப்பத்துக் குளத்து விராலும் அறுத்த வலையும்

திருநெல்வேலி ஜில்லா, தென்காசி தாலுகா, மேலப்பத்து கிராமம், கீழத்தெருவில் இருக்கும் சுடலையாண்டி மனைவி உலகம்மாள், வயது சுமார் 48, 1963-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகி, சப் இன்ஸ்பெக்டர் விசாரித்ததன் பேரில் சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வயல் வேலை செய்து வருகிறேன். தூண்டிலும் போடுவேன். எங்கள் ஊரில் பொங்கல் கழிந்த கரிநாளன்று குளத்தில் தூண்டிலில் ஆகப் பெரிய மீன் பிடிப்பவருக்குத் தலைப்பாகை கட்டுவது வழக்கம். ஆம்பளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஏழு ராத்தல் விரால் பிடித்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டேன். இன்றுவரை அதை எவனும் மிஞ்சவில்லை. குற்றாலத்தில் சீசனுக்குத் தங்குகிறவர்கள் சக்கரம் வைத்த தூண்டிலோடு காரில் வந்து இறங்கினால், "உலகம்மாள் யாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, இப்போது பிராது கொடுத்திருக்கும் கைலாசம் குளத்து மீன் குத்தகையை எடுத்தார். அவர் அகலக் கண்ணி வலை போட்டு, பெரிய மீனை மட்டும் எடுத்துக்கொண்டு பொடி மீனைப் போக விட்டார். அதைப் புண்ணியம் என்று சொல்லித் திரிந்தார். அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் மீன் சிறுத்துப்போய், போன கரிநாளன்று சாண் நீள மீனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். அந்த வெட்கக்கேட்டைப் பார்க்கச் சகிக்காமல் நான் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது காரும் வருவதில்லை.

என் கண்ணுக்குத் தெரிந்து பெரிய விரால் ஒன்றுதான் மிச்சம். இரண்டு தடவை என் தூண்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. வருகிற கரிநாளில் அதைப் பிடித்தே தீருவது என்றிருந்தேன். இந்த மாதம் அது குஞ்சு பொரித்தது. குஞ்சோடு திரியும் விராலுக்கு எங்கள் ஊரில் யாரும் தூண்டில் போட மாட்டோம். தாய் போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. ஆனால் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வருவதால் தாய் கிடக்கும் இடம் லேசாகத் தெரிந்துவிடும். நேற்றுக் காலை கைலாசம் அந்த இடத்தைச் சுற்றி வலையை வளைத்தார். அதன் பிறகு, கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த நான் பண்ணரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "ஏலே கைலாசம், குஞ்சு செவசெவன்னு சுத்துதுலே, தாயத் தூக்குதியே, உனக்கு மனசு வருதா?" என்று கேட்டேன். அவர், "யக்கா, பொடிய எல்லாம் விட்டுருதேம்லா, பெறகென்ன? தள்ளிப் போ" என்றார். "பெருசு இருந்தாத்தானலே பொடி பெருகும், கோட்டிக்காரப் பயலே!" என்று சொல்லி, வலையை மேலிருந்து கீழாக அறுத்துவிட்டேன். விரால் என் தொடையில் வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அந்த அடி இன்னும் வலிக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அதன் பிறகு விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மறைவான இடத்துக்குப் போய்விட்டது. கைலாசம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், டீக்கடை மூசா அண்ணாச்சியை என் வீட்டுக்கு அனுப்பி, இடத்தைக் காட்டிக் கொடுத்தால் பிராதை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். நான், "செயிலுக்கே போறேன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பினேன். வலை தானாகக் கிழிந்தது என்று எனக்காக யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். அறுத்தது நான்தான்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். விரால் எங்கே கிடக்கிறது என்று சப் இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கு மட்டும், தெரியும், சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். அதையும் எழுதச் சொன்னேன்.

உலகம்மாள்
இடது கைப் பெருவிரல் ரேகை