மூடியோடு எடுத்த படம்

பொன்னேரியில் ரயிலில் மூன்று பேர் ஏறினார்கள். காமிராப் பெட்டியோடு ஒரு மாணவன், காமிராவை நிறுத்தும் முக்காலியோடு அவன் கூட்டாளி, மீன்கூடையோடு ஒரு பழவேற்காட்டு அம்மா. கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து வந்த நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

மாணவன் பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"லென்ஸ் மூடியக் கழட்டாமலே எடுத்துட்டேன்டா. வலை இழுத்தது ஒண்ணுமே விழுந்திருக்காது."

"மொத படம் எடுக்கச் சொன்னா இருட்ட எடுத்துக்கினு வந்திருக்கே," என்றான் கூட்டாளி.

மாணவன் அந்த அம்மாவிடம் திரும்பினான். "அக்கா, நாளைக்கு உங்க ஊட்டுக்காரர அதே எடத்துல இன்னொருவாட்டி வலை இழுக்கச் சொல்றீங்களா?"

"நாளிக்கி அந்த எடம் பக்கத்துக் குப்பத்தோட பாடு, வலை போட அவங்க முறை. எங்காளு அங்க எறங்கக் கூடாது நைனா."

"மீன் வேணாங்கா. சும்மா வெறும் வலை."

"வெறும் வலைன்னாலும் முறை முறைதான். நாளிக்கி எறங்குறவங்கள எடுத்துக்கயேன்."

"படம் முழுக்க உங்க ஊட்டுக்காரர்தானே வர்றாரு. நடுவுல வேற மூஞ்சி வந்தா யார் ஒத்துக்குவாங்க? திங்கக்கிழமை காலேஜ்ல பிலிம ஒப்படைக்கணும்."

"இன்னிக்கி வெள்ளி," என்றான் கூட்டாளி.

"உங்க முறை திரும்ப எப்பக்கா வரும்?"

அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார்.

"பதினாறு நாளு."