புயலுக்கு ஒரு கும்பிடு

“போன வருஷம் வந்த புயலுக்கு நான் ஒரு கும்பிடு போடணும்” என்றார் முன்சீட்டில் இருந்த அம்மா. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பேருந்து அது. பக்கத்தில் இருந்த தோழி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாக்கா சொல்ற? எங்க பெரணமல்லூர் பக்கம் நெல்லு பூரா சாஞ்சி கெடந்துச்சி.”

“எங்க வூட்டுத் தறிக்குழி கூடத்தான் தண்ணி ரொம்பிப் போச்சி. கார்த்திக மாசம் பூரா புயல் வருது, புயல் வருதுன்னு சொல்லிகினே இருந்தாங்க. முன்னாடி வந்ததெல்லாம் பயம் காட்டிட்டுப் போயிடுச்சி. கடைசியா வந்தது வூட்டுக்குள்ளயே பூந்துடுச்சி. கல்யாணப் புடவைக்குத் தறியில நீளவாக்குல ஏத்தி வெச்ச பாவு நூலு, பட்டு நூலு மொத்தமும் நனைஞ்சிடுச்சி.”

“அய்யோ! அப்புறம்?”

“வெயில் அடிச்சதும் தெருவுல நீட்டிக் காய வெச்சோம். இந்தப் பக்கம் நான் புடிச்சேன். அந்தப் பக்கம் புடிக்க ஆளே இல்ல. என் கொழுந்தன் பொண்டாட்டி வந்து புடிச்சா.”

“உங்களுக்குள்ள ஆறு வருஷமா பேச்சே இல்லையே!”

“ஆமா. ஆனா யார் கைய விட்டாலும் நூலு சிக்கு விழுந்துடும். காயற வரைக்கும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துகினு நின்னுதானே ஆவணும்?”

“யார் மொதல்ல பேசினது?”

“அவதான். ‘இழுத்துப் புடிக்கா, தொய்யுது’ன்னா.”

“நீ இன்னா சொன்ன?”

“‘நீதான்டி தொய்ய விடற’ன்னேன். அன்னிலேர்ந்து தெனம் சண்ட போட்டுகினுதான் இருக்கோம்” என்றார் அந்த அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.