கால் நீட்ட ஒரு இடம்

– மெதுவாடா! அவ பால் குடுக்கறப்போ வயித்துப் பக்கம் கைய வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?

– வைக்கலக்கா. குட்டிங்க வாய வச்ச உடனே சீறிட்டு எந்திரிச்சிடறா. நேத்துலேருந்து இதே கூத்து. அந்தக் கறுப்புக் குட்டி பாரு, கத்தக்கூட தெம்பில்லாம கெடக்கு.

– தள்ளு, நான் பாக்கறேன். ம்... இந்தப் பக்கக் காம்பு கல்லாட்டம் இருக்கு. பால் கட்டிக்கிச்சு, பாவம். டாக்டர்கிட்ட கேட்டியா?

– போன்ல கேட்டேன். வெதுவெதுப்பா துணி வச்சு ஒத்தடம் குடு, நல்லா நீட்டிப் படுக்க இடம் குடு, சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா தூக்கிட்டு வான்னாரு.

– எங்க நீட்டறது? உக்காந்தவாக்குல ஊட்டறா. தையல் மிஷின் மர மூடியக் கவுத்துப் போட்டா அது பூனைக்கு வீடாயிடுமா?

– நான் என்ன பண்ண? பெரிய அட்டைப்பெட்டி வச்சேன். ஒவ்வொண்ணா கவ்விக்கிட்டு வந்து திரும்ப அம்மாவோட மூடிக்குள்ளயே போட்டுட்டா. மகாராணிக்கு அட்டை ஆகாதாம்.

– அப்ப கால் பக்கத்துப் பலகைய எடுத்துடு.

– அறுக்கறதா? அக்கா, இது அம்மாவோடது!

– தெரியும்டா. அதுல ஒண்ணு...

– நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மிஷின யாருக்காவது குடுத்துடலாம்னு சொன்னவதானே நீ! இந்த ரூமுக்குள்ள வந்தா அம்மா இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு எனக்கு. வச்சது வச்சபடி இருக்கட்டும்.

– சரி சாமி, வாய மூடிக்கிட்டேன். இஸ்திரிப் பெட்டியப் போடு. அந்தப் பழைய பாவாடைத் துணிய மடிச்சு, சூடு பண்ணிக் குடு. உன் கையில வச்சுப் பாத்துக் குடு, சுட்டுடப் போகுது... இந்தாடி என் செல்லம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல...

– அட, கண்ண மூடிட்டா!

– நீ பொறந்தப்போ அம்மாவுக்கும் இப்படித்தான் கட்டிக்கிச்சு. இஸ்திரிப் பெட்டில துணியச் சூடு பண்ணி நெஞ்சுல வச்சுக்குவா. ஒத்தடம் ஒரு கை, தையல் ஒரு கை. ஸ்கூல் யூனிஃபார்ம் இந்த மூலை முழுக்கக் குவிஞ்சு கெடக்கும்.

– எனக்கு அந்த மிஷின் சத்தம்தான்க்கா ஞாபகம். இப்பவும் ஏதாவது டெய்லர் கடைல நின்னா, அந்தக் கடகடவுல கண்ணு சொக்கிடும். ஏன்னே தெரியல.

– தெரியலையா உனக்கு?

– அய்யோ, மறுபடி எந்திரிக்கறா! காலு போய் பலகையில முட்டுதுக்கா.

– குட்டிங்க இழுத்துக் குடிச்சாத்தான் கட்டுனது கரையும். அவ நீட்டிப் படுத்தாத்தான் அதுங்க குடிக்கும். கறுப்பு தாங்காதுடா.

– ... சரி, ரம்பத்த எடு. அம்மா என்ன மன்னிக்கட்டும். நீ குட்டிங்கள மடியில போட்டுக்கோ, நான் மூடிய ஜன்னல்கிட்ட கொண்டு போறேன்.

– ரம்பம் எதுக்கு? மொதல்ல அந்தப் பலகையோட உள்பக்கத்தத் தடவிப் பாரு. எவ்வளவு நேரமா சொல்ல வரேன், எங்க விடற!

– என்னக்கா இது, ஸ்க்ரூ இருக்கு! யாரோ ஏற்கெனவே அறுத்து எடுத்துட்டு, திரும்ப மாட்டியிருக்காங்க. மிஷின் மேல ஒரு கீறல் விழுந்தாலே அம்மா வீட்ட ரெண்டாக்கிடுவாளே! யாரு இத அறுத்தது?

– அம்மாதான். துணி விரிச்சு உன்ன இந்த மூடிக்குள்ள படுக்க வச்சுக்கிட்டுத்தான் தைப்பா. உன் காலு முட்டுச்சுன்னு அவளே அறுத்தா, நான்தான் மூடி ஆடாம புடிச்சுக்கிட்டேன்.