மரத்துப்போன பக்கம்

சவரக் கத்தி பிடித்துப் பழக நினைப்பவன் முதலில் வழிக்க வேண்டியது ஒரு பலூனை. நன்றாக ஊதி, நுரை பூசி, நுரையை மட்டும் எடுக்க வேண்டும். பலூன் வெடித்தால் கை இன்னும் பக்குவப்படவில்லை என்று அர்த்தம். எனக்கு நிறைய வெடித்தன. "என்ன தம்பி, யாருக்குப் பிறந்தநாள்?" என்று அண்ணி உள்ளேயிருந்து சிரிப்பார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, சார். 'புதிதாகப் பழகுகிறவர், கை தவறிவிட்டது' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அண்ணியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், பாவம். அது சரியான விளக்கம் இல்லை.

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. எந்தப் பொருளும் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். தெரிந்ததை யாரிடமாவது சொன்னால்தான் தூக்கம் வரும். அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. என்னை 'வாத்தி' என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை வைத்துக்கொண்டே சொல்வார்: "விக்கல் எடுத்தா இவன்கிட்ட தண்ணி கேளுங்க. குழாய் எப்படி வேலை செய்யுதுன்னு இவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள விக்கல் தானா நின்னுடும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சின்ன வயதிலிருந்து ஒரு விஷயத்தைக்கூட அவரிடம் நான் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியில் கையைத் தூக்கிவிடுவார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நான் என் அறையைக் காலி செய்துவிட்டு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, உடை மாற்றுவது எல்லாம் நான்தான். கூடப் பிறந்தவன் என்றால் இவனைப்போல இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னாராம். நீங்களே விசாரித்திருப்பீர்கள்.

பலூனுக்கு அடுத்தது சொந்தக் கன்னம். அதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடியில் இடம் வலம் மாறும். போதாததற்கு, கத்தி வருவது தெரிந்ததுமே தாடை இறுகும், தோல் சுருங்கும். வெட்டுக் காயத்தில் பாதி அந்தப் பயத்தால் வருவது. யோசித்துப் பார்த்தேன். அண்ணனின் வலது கன்னம் மரத்துக் கிடந்தது. பயப்படத் தெரியாத தோல். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அண்ணிதான் தயங்கினார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்கறோமே தம்பி. லேசா கீறினாக்கூட சட்டுனு நிக்காதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. மெஷின்லயே வழிச்சு விட்டுடுங்களேன்."

"மெஷின் முடியை இழுக்கும் அண்ணி. கத்தி இழுக்காது. அது ஏன்னா…"

"சரி சரி, பாத்துப் பண்ணுங்க. அடுப்புல வேலை இருக்கு."

ஒவ்வொரு காலையும் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைப்பேன். கழுத்தைச் சுற்றித் துண்டு. பிறகு தோல் வாரில் கத்தியைத் தீட்டுவேன். கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வார் அறுந்து கூரும் மழுங்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டேதான் செய்வேன். அவரால் எழுந்து போக முடியாது. இடது கண் மட்டும் என் கையோடு கூடவே வரும்.

தொடக்கத்தில் கீறல்கள் விழுந்தன. நுரையில் சிவப்பு பரவி இளஞ்சிவப்பாகும். அவருக்குத் தெரிய வழியில்லை, அந்தப் பக்கம்தான் மரத்திருந்ததே. ஆனால் கண் தெரிந்துகொண்டது. அதிலிருந்து தண்ணீர் வழியும். சோப்பு எரிச்சல் என்று அண்ணியிடம் சொன்னேன். இடது கன்னத்துக்கு வந்தபோது ஒரு கீறல்கூட விழவில்லை. அங்கே அவருக்கு உணர்ச்சி இருந்தது, அதனால் நான் கவனமாக இருந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். இன்றோ நாளையோ அண்ணன் வாய் திறந்துவிடுவார் என்று நம்பிக்கையாகச் சொன்னார். அண்ணி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பார். முதலில் தன்னைத்தான் கூப்பிடுவார் என்று அண்ணிக்கு ஓர் ஆசை.

முதல் பேச்சைக் கேட்டது நான்.

கழுத்து முடி மட்டும் ஏன் சுழித்துக்கொண்டு வளர்கிறது என்று அன்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை மெல்ல மேலே வந்தது. உதடு கோணியது.

"போதும்டா, வாத்தி."

குழறல்தான். ஆனால் நன்றாகக் கேட்டது. அண்ணி சமையலறையில் இருந்தார். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து அழுதிருப்பார். நான் கூப்பிடவில்லை. அண்ணன் கையை இறக்கி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

கவனியுங்கள், சார். சவரத்தில் கத்தி எப்போதும் கூருக்குக் குறுக்கே நகரும். கூரின் நீளவாக்கில் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அது சவரம் இல்லை, அறுப்பு. தவறுகிற கை அதே கோட்டில் நிதானமாகப் போகாது, எங்காவது இடறும். காயத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். நான் நீளவாக்கில் இழுத்தேன். என் கை தவறவில்லை. அன்றைக்குப்போல அது நிதானமாக இருந்ததே இல்லை.

இங்கே லாக்கப்பில் முகம் வழித்துவிட ஓர் ஆள் வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் தொட்டபோது என் வலது கன்னத்தில் எதுவும் தெரியவில்லை. பேச்சை நிறுத்தினால் அந்தப் பக்கத்துக் காதில் குழறலாக ஏதோ கேட்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அண்ணி வரும்வரை நேரம் இருந்தது. ரத்தம் எப்படி உறைகிறது, அந்த மாத்திரை அதை எப்படித் தடுக்கிறது என்று அண்ணன் காதருகே குனிந்து சொன்னேன். அவர் உடம்பில் நடப்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? கண் என் மேலேயே இருந்தது. நான் பிடியை விட்ட பிறகும் அவர் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கடைசிவரைக்கும் கேட்டார். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் மிச்சமில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.