கணக்கை விடுகிற நாள்

தங்கச்சி: ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா. பேனாவ நானே திறந்து தரேன்.

அக்கா: மிஷின் ஓடிட்டிருக்கு, விரல எடு. மதிய மணி அடிச்சதும் ஸ்கூல்லருந்து ஓடி வந்தியா? சாப்பிட்டியா?

தங்கச்சி: பசிக்கல. முதல்ல ஃபாரத்தப் பாரு.

அக்கா: இந்தப் பாவாடைக்கு ஓரம் மடிச்சு மூணு மணிக்குக் குடுக்கணும். தைக்கக் குடுத்த அந்தம்மா வந்து கடிச்சுத் துப்பிடும். நீ படி, நான் கேக்குறேன்.

தங்கச்சி: "பாடம் விடுவதற்கான விண்ணப்பம். விட விரும்பும் பாடம்... கணக்கு. காரணம்... பாடச்சுமை."

அக்கா: கணக்கா? ஏன்டி, தொண்ணூத்தெட்டு வாங்கினவ பேசுற பேச்சா இது? வரலாறுல முப்பத்தொண்ணு வாங்கினியே, அத விடு.

தங்கச்சி: அது முப்பத்துமூணு.

அக்கா: அடேங்கப்பா! மன்னிக்கணும் மகாராணி.

தங்கச்சி: விளையாடாதக்கா. இன்னிக்கு நாலு மணியோட கடைசி. அதுக்கு மேல எந்த மாத்தமும் கிடையாதுன்னு ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்க. என்னால முடியல. ஆறு பாடம் இருக்கு... அதுல அஞ்சுல நான் ஒரு பக்கம்கூடப் படிக்கல.

அக்கா: சோம்பேறித்தனம். நேரம் போட்டுப் படிச்சா...

தங்கச்சி: போட்டேனே! ஆறு மணிக்கு வரலாறுன்னு உக்காருறேன். புத்தகத்தத் திறக்குறேன். நிமிந்து பாத்தா எட்டரை. வரலாறு நோட்டு பூரா கணக்கு.

அக்கா: தூங்கியிருப்ப.

தங்கச்சி: தூங்குறவ பதினாலு பக்கம் எழுதுவாளாக்கா?

அக்கா: பேய்க்கத சொல்லிக் கையெழுத்து வாங்கலாம்னு பாக்குறியா? நல்ல ஆளப் பாத்த போ.

தங்கச்சி: என் கையப் பாரு. இந்த நடு விரல. காய்ச்சுப்போயிருக்கு பாரு. அவ்வளவு நான் எழுதினதா எனக்கு ஞாபகமே இல்ல.

அக்கா: ...எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

தங்கச்சி: கணக்குப் பரீட்சையிலயும் அதேதான். முதல் கேள்வியப் படிச்சேன். ஒரு மண்ணும் புரியல. அழுகையா வந்துச்சு. கண்ணத் துடைச்சேன்... அவ்வளவுதான். சார் வந்து தாளப் பிடுங்கிட்டிருந்தாரு. மூணு மணி நேரம் எங்க போச்சுன்னு தெரியல.

அக்கா: அதுக்குத்தான் தொண்ணூத்தெட்டா? எனக்கு அந்த மாதிரி ஒரு அழுகை வராதா?

தங்கச்சி: சிரிக்காதக்கா, ப்ளீஸ். சின்ன வயசுலருந்து கணக்குல புலின்னு எல்லாரும் சொல்றீங்களே... நான் ஒரு கணக்குகூடப் போட்டதில்ல. சத்தியமா. ஏழும் எட்டும் எவ்வளவுன்னு கேட்டா நான் இன்னும் விரல விட்டுத்தான் எண்ணுறேன். முன்னெல்லாம் கணக்கு நோட்ட திறந்தாத்தான் வரும். இப்ப எதத் திறந்தாலும் வருது. நேத்து என் தோழிக்குப் பொறந்தநாள் வாழ்த்து எழுத உக்காந்தேன். வாழ்த்து அட்ட பூரா கணக்கு.

அக்கா: அந்த ரெண்டு மார்க் ஏன் போச்சு?

தங்கச்சி: இப்ப அதுவா முக்கியம்? சார் குறைச்சுட்டாரு.

அக்கா: குறைக்காம என்ன பண்ணுவாரு? கடைசிப் பக்கத்துல விடைய எழுதி, அங்கருந்து முன்பக்கத்துக்கு வந்தா எந்த வாத்தியாருக்குத்தான் தலை சுத்தாது...

தங்கச்சி: நான் அத உங்கிட்ட சொல்லவே இல்லயே.

அக்கா: சொன்னியே. அன்னிக்கு...

தங்கச்சி: இல்ல. யார்கிட்டயும் சொல்லல. அந்தத் தாள நான் வீட்டுக்கே கொண்டு வரல. மிஷின ஏன் நிறுத்திட்ட?

அக்கா: நூல் அறுந்துருச்சு.

தங்கச்சி: அறுந்து போகல. நான் பாத்துட்டுதான் இருக்கேன். அக்கா... உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: ...கதவச் சாத்திட்டு வா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.

தங்கச்சி: சாத்திட்டேன். சொல்லு.

அக்கா: எனக்கும் இருந்துச்சு. விடைதான் முதல்ல வரும். அப்புறம் ஒவ்வொரு படியாப் பின்னாடி போயி, கடைசில கேள்விகிட்ட நிக்கும். பதினொண்ணாவது படிக்கையில தாங்க முடியாமப் போச்சு. சோறு பிசைஞ்சா தட்டுல எழுதுவேன்.

தங்கச்சி: உனக்கா? அப்புறம் எப்படிப் போச்சு?

அக்கா: விட்டேன். இதே மாதிரி ஒரு ஃபாரம். அம்மா கையெழுத்த நானே போட்டுக் குடுத்தேன்.

தங்கச்சி: நின்னுருச்சா?

அக்கா: அந்த நிமிஷமே. தலையிலருந்து மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. ஸ்கூல்லருந்து வீடு வரைக்கும் ஓடியே வந்தேன், சிரிச்சுக்கிட்டே.

தங்கச்சி: அப்ப எனக்கும் நின்னுரும்! இதச் சொல்லவா இவ்வளவு பிகு பண்ணின? இந்தா, போடு.

அக்கா: இன்னும் முடிக்கல. வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்புக் கரிய எடுத்து வச்சுக்கிட்டு சுவத்துல எழுதிட்டிருந்த. உன் கைக்கு எட்டுற உயரம் வரைக்கும் இடமே இல்ல. அன்னிக்குக் காலைல நான் பாதில விட்ட கணக்கு. மிச்சத்த நீ போட்டுட்டிருந்த.

தங்கச்சி: நானா... எனக்கு அப்ப என்ன வயசு?

அக்கா: மூணு.

தங்கச்சி: அம்மா அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சது...

அக்கா: ரெண்டு தடவ அடிச்சா. கொழந்த கிறுக்கியிருக்குன்னு நெனச்சா பாவம். எனக்கு மட்டும்தான் தெரியும் அது கிறுக்கல் இல்லன்னு.

தங்கச்சி: பதிமூணு வருஷம்... ஒரு வார்த்த சொல்லலயேக்கா! தூக்கி என் தலையில போட்டுட்டு, நிம்மதியா தையல் தைச்சிட்டு இருந்திருக்க!

அக்கா: நிம்மதியா? உன்னப் புலின்னு யாராவது மெச்சினா நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன்டி. அது உங்கிட்ட வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒழிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். உனக்கு அதுவே பழகிப் போயிரும்னு நெனச்சேன். தப்புதான். உன் கால்ல விழுந்து கேக்கச் சொன்னாக் கேக்குறேன்.

தங்கச்சி: அப்ப... எனக்கு அப்புறம்?

அக்கா: விரல விட்டே எண்ணிப் பாரு. இந்த வீட்ல இன்னும் எத்தன பொண்ணு இருக்கு?

தங்கச்சி: ...பாப்பா.

அக்கா: ம்.

தங்கச்சி: பாப்பா எங்க? சத்தமே காணோம்.

அக்கா: உள்ள தூங்குறா. மெதுவாப் பேசு.

தங்கச்சி: அதான் போட மாட்டேங்குற. நான் எக்கேடு கெட்டாலும் சரி, உன் பொண்ணு தப்பிக்கணும். அதானே?

அக்கா: ஆமாடி. ஆமா! பெத்தவ வேற எப்படி இருப்பா? உன்னயும் இந்த இடுப்புலதான் தூக்கி வளத்தேன். அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா? உனக்குப் பதினாறு. பயமா இருந்தா என்னக் கூப்பிடத் தெரியும். அவளுக்குத் தண்ணி வேணும்னுகூட முழுசாச் சொல்ல வரல.

தங்கச்சி: எனக்கும் அப்ப மூணு வயசுதானேக்கா.

அக்கா: ...தெரியும். அதச் சொல்லாத. இங்க பாரு. தெனமும் சாயங்காலம் கடைய மூடிட்டு உன் பக்கத்துல உக்காருறேன். அது வந்தா உன் கையப் பிடிச்சுக்குறேன். பாடத்த நானே வாசிச்சுச் சொல்றேன். ரெண்டு பேரும் சேந்து சமாளிச்சிரலாம். என்ன? அந்தக் காகிதத்தக் குடு, கிழிச்சிரலாம்.

தங்கச்சி: கிழிச்சு என்ன ஆகப் போகுது...

அக்கா: ஏன்?

தங்கச்சி: அக்கா... இது ரெண்டாவது ஃபாரம். முதல் ஃபாரத்தக் காலைல பத்தரைக்கே ஆபீஸ்ல குடுத்துட்டேன். உன் கையெழுத்த நானே போட்டு. பயம் வந்துருச்சு... நீ நிஜமாவே போட்டுக் குடுத்தா மாத்தி வச்சிரலாம்னு ஓடி வந்தேன். பதினோரு மணிக்கு வரலாறு பீரியட். ஒரு பாடத்த முழுசாக் கேட்டேன்கா. ஒரு நிமிஷம்கூடக் காணாமப் போகல. வாழ்க்கையில முதல் தடவ.

அக்கா: தெரியும்டி. பத்தரைக்குத்தான் பாப்பா என் தையல் சாக்பீஸப் பிடுங்கிட்டு உள்ள போனா. தூங்கல அவ... சோத்தக் காட்டினாலும் திரும்பிப் பாக்காம எழுதிட்டிருக்கா. உன் வாயால நீயே சொல்லி, நீயே எந்திரிச்சுப் போய் அதத் திருப்பி வாங்கிருவன்னுதான் இவ்வளவு நேரமாப் பேசிட்டிருக்கேன். நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்கு கண்ணு... போறியா?