ஒன்பதாம் இடம்

பேட்டரி கம்பெனி வேலையை விட்டுவிட்டு இனிப் பாட்டுதான் என்று ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டில் உட்கார்ந்திருந்த தங்கை சுப்ரியாவிடம், இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் பூபதி ஷிப்ட் முடிந்து வந்திருந்தான்.

பூபதி: இன்னும் அந்த பாட்டு ஆப்பு லிஸ்ட்டயே பாத்துக்கினு இருக்கியா பாப்பா?

சுப்ரியா: போன மாசம் என் மொதப் பாட்டு ஒம்பதாவது இடம்ணா. இந்தியா பூரா சேத்து.

பூபதி: தெரு பூரா லட்டு குடுத்தமே...

சுப்ரியா: நீ லட்டு குடுத்த. நான் வேலைய விட்டேன்.

பூபதி: ரெண்டாவது பாட்டு?

சுப்ரியா: எழுவது தடவ ஓடியிருக்குது. அதுல இருவது நானே கேட்டது.

பூபதி: பாப்பா... எனக்கு போன் டெஸ்டிங் வேலைன்னு சொன்னன்ல.

சுப்ரியா: ம்.

பூபதி: டெஸ்டிங் இல்ல. ஒரு ஷெட்டு. ரேக்குல நாலாயிரம் போனு. எல்லாத்துலயும் சத்தமில்லாம பாட்டு ஓடிக்கினே இருக்கும். அப்பிடி ஓட ஓட லிஸ்ட்ல மேல ஏறும்.

சுப்ரியா: யாரு கேப்பாங்க?

பூபதி: யாரும் கேக்க மாட்டாங்க. சார்ஜர் சூடாவுதான்னு நாங்க பாத்துக்கினு இருப்போம்.

சுப்ரியா: சரி, சொல்லு.

பூபதி: உன் மொதப் பாட்ட அதுல போட்டு விட்டேன். பத்து நாளு. சூப்பர்வைசருக்குத் தெரியாது.

சுப்ரியா: அவ்ளோ மோசமாவா பாடியிருந்தேன்?

பூபதி: நல்லா பாடியிருந்த. ஒருத்தனும் கேக்கலியேன்னுதான்...

சுப்ரியா: உங்க ஷெட்டுல ஓட்டுன மத்த பாட்டெல்லாம்?

பூபதி: இன்னும் லிஸ்ட்ல இருக்குது. அதுக்கெல்லாம் ஊர மாத்தி மாத்திக் காட்டுவோம். சென்னை, மும்பை, டில்லில யாரோ கேக்குற மாதிரி. உன்னுதுக்கு அவசரத்துல... மாத்தல.

சுப்ரியா: ஆமா. நாலு லட்சம் தடவையும் ஓசூர்லயே. சென்னைல பன்னெண்டு பேரு.

பூபதி: அது உனக்கு எப்பிடித் தெரியும்?

சுப்ரியா: அந்த ஆப்பு கம்பெனில கூப்பிட்டுக் காட்டுனாங்க.

பூபதி: எப்போ?

சுப்ரியா: முந்தாநாளு.

பூபதி: ஒரு வார்த்த சொல்லலியே.

சுப்ரியா: நீ மட்டும் ஷெட்டு வேலைய ஆறு மாசமா சொன்னியா?

பூபதி: என்னா கேட்டாங்க பாப்பா?

சுப்ரியா: யாரு பண்ணதுன்னு சொல்லலன்னா போலீசுக்குப் போவோம்னாங்க. ஓசூர்ல உனக்குன்னு யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. உன்ன விட்டா எனக்கு யாருண்ணா இருக்காங்க? நாந்தான் பண்ணேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு ரெண்டு பாட்டையும் எடுத்துருவாங்க. இனிமே என் பேருல பாட்டே வராது.