ஊற்றுக்கு விட்ட பங்கு

அரிசி களைஞ்ச தண்ணிய நான் கீழ ஊத்துனதே கெடையாதுங்க, மேடம். மாட்டுக்கு வெச்சிருவேன். பாத்திரம் கழுவுன தண்ணி வாழைக்குப் போவும். எங்க ஊர்ல இப்ப எல்லா வூட்லயும் அப்படித்தான். பழக்கி வுட்டது நான்.

கல்வராயன் மலையில எங்க ஊருக்கு இருக்கிறது ஒரே ஊத்து. அதுல வழியறதுதான் ஓடையா எறங்கி ஆத்துல சேருது. ஒரு கோடையில அது வத்திப்போச்சு. சேத்தைத் தோண்டி, துணியில வடிகட்டிக் குடிச்சோம். அப்பதான் வூட்டுக்கு இத்தினி கொடம், மிச்சம் ஊத்துக்குன்னு நான் பேசி வெச்சேன். அடுத்த மழையில ஊத்து கண்ணைத் தொறந்துச்சு. அன்னியிலேர்ந்து இந்த ஜெயம்மா சொன்னா ஊரு கேக்கும்.

என் மருமவ நர்மதா மணலூர்பேட்டைப் பொண்ணு, ஆத்தங்கரையில வளந்தவ. கொறை சொல்ல மாட்டேன், நல்ல பொண்ணுதான். தலைக்கு ஊத்துனா மட்டும் கொடம் கொடமா காலி பண்ணுவா. "இன்னா அத்தை, தண்ணிக்குப் போயி கணக்கு பாக்குறீங்க?"ன்னு சிரிப்பா. ஊரே என்னைப் பாத்து சிரிக்கிற மாதிரி இருக்கும். என் புள்ளை ராஜேஷ்குமார் மொளகு பறிக்க கேரளாவுக்குப் போனதும், தண்ணி ட்ரம்மு இருக்கிற ரூமைப் பூட்டி சாவியை இடுப்புல சொருவிக்கினேன்.

அன்னிக்குக் காலையில அவளுக்கு வயித்தால போச்சு, வாந்தி வேற. ஒவ்வொரு தடவையும் கழுவத் தண்ணி. வெயில் ஏர்றதுக்குள்ள அவ பங்கு தீந்துபோச்சு. கொடத்தைத் தூக்கிக்கினு ஊத்துக்குக் கெளம்பிட்டா. அந்த ஒடம்போட அங்க போனா ஊருக்கே சீக்கு வராதா? நீங்களே சொல்லுங்க. கையைப் புடிச்சு அவ படுக்குற ரூமுக்குள்ள உக்கார வெச்சு, வெளியில தாப்பா போட்டேன்.

ஒரு டம்ளர் குடுத்தேன். குடுக்காம இல்ல.

"அத்தை, நாக்கு ஒட்டிக்கினு இருக்குது. இன்னும் கொஞ்சம் குடுங்க அத்தை."

"நாளைக்கு உன் பங்கு வரும். படு"ன்னேன்.

பக்கத்து வூட்டு சாலம்மா ஒரு சொம்புத் தண்ணியோட ஓடியாந்தா. "இன்னாக்கா, பொண்ணு இப்பிடி அழுவுது? ஜீப்பு புடிச்சு வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாமா?"

"காட்டியாச்சு, மாத்திரை போட்டுக்கினு தூங்குறா"ன்னு அனுப்பிட்டேன். எங்கயும் காட்டல. சாலம்மா குடுத்த தண்ணிய நான் வீணாக்கல. மாடு தாகமா இருந்துச்சு, அதுக்கு வெச்சேன்.

ட்ரம்முல தண்ணி இருந்துச்சான்னு கேக்குறீங்க. இருந்துச்சு. ரெண்டும் ரொம்பித்தான் இருந்துச்சு. கோடைக்குன்னு வெச்சது.

அவ செத்தது என்னாலதான். அதை மாத்திப் பேச மாட்டேன். வன்மம்னு மட்டும் கேஸுல எழுதாதீங்க மேடம். மொதல்ல கதவைத் தட்டிக்கினே இருந்தா. அப்புறம் நகத்தால சொரண்டுனா. பொழுது சாயறப்ப அதுவும் நின்னுபோச்சு. ஒருவழியா கம்மித் தண்ணிக்குப் பழகிட்டான்னு நெனைச்சேன்.